மாணவர் எண்ணிக்கை பூஜ்யம்

இந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு பிரேமா போன் செய்தாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள். இப்போது என் பழைய அலுவலகத்தில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கும் மேலே ஒரு நாற்காலியில் இருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறதாம். புயல் மழையில் சேதமானதைச் சரிசெய்ய அரசு எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்று நான் வந்து பேச வேண்டுமாம். "வெறும் ரூல்ஸ் சொன்னா தூங்கிடுவாங்க மேடம். ஒரு சக்சஸ் ஸ்டோரி வெச்சு சொல்லுங்க" என்றாள்.

சக்சஸ் ஸ்டோரி! ஆயுசில் பாதியை அரசாங்கத்தின் வரவு செலவோடு கழித்தவளிடம் அப்படி ஒன்று கூடவா இருக்காது? இருக்கத்தான் செய்கிறது. ஆறு அடித்துக்கொண்டு போன பாலங்களுக்குப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தாலுகா முழுக்கச் சாய்ந்து கிடந்த மின்கம்பங்களை நிமிர்த்த வழி செய்திருக்கிறேன். ஆனால் மழை என்றதும் எனக்கு அந்தப் பாலமும் கம்பமும் நினைவுக்கு வருவதில்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடம்தான் வருகிறது. வந்து பேச என்னால் ஆகாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். இதைப் படித்துவிட்டுப் பிரேமா வகுப்பில் கொடுக்கமாட்டாள். கொடுக்காவிட்டால் போகட்டும்.

துறையின் பெயரை எழுதப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவள் வாயைக் கொஞ்சம் பார்த்துத்தான் திறக்க வேண்டும். மாநிலத்தின் செலவுகளுக்கு ஆகட்டும் என்றோ ஆகாது என்றோ சொல்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவும் இதே ஊரில் அரசு உத்தியோகம் பார்த்தவர். வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். பரீட்சை எழுதி, உதவியாளராகச் சேர்ந்து, கோப்பில் குறிப்பு எழுதக் கற்று, திட்டு வாங்கி, கல்யாணம், குழந்தை, பிரமோஷன் எல்லாம் ஆகி, ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. அந்தக் கதை எல்லா அரசு ஊழியருக்கும் ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

ஆனால் எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு துறை பணம் கேட்டு எழுதினால் அது கோப்பாக என் பிரிவுக்கு வரும். பணம் இருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்க்கமாட்டோம். அந்தச் செலவுக்கு பட்ஜெட் புத்தகத்தில் ஒரு தலைப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். தலைப்பு இல்லாவிட்டால், கஜானாவில் கோடி கோடியாகக் குவிந்திருந்தாலும் ஒரு பைசா வெளியே வராது. அதற்கும் ஒரு வழி உண்டு. வருஷத்தின் நடுவில் சட்டசபைக்குத் துணை பட்ஜெட் ஒன்று போகும். அதில் ஒரு புதுத் தலைப்பைப் போட்டு, எதிரில் ஆயிரம் ரூபாய் என்று எழுதுவோம். இதற்கு டோக்கன் என்று பெயர். ஆயிரம் ரூபாயில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போட முடியாது, அது எங்களுக்கும் தெரியும். சபை அந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டுவிட்டால், வேறெங்கோ செலவாகாமல் கிடக்கும் பணத்தை அங்கே திருப்பிவிடலாம். பத்திரிகைக்காரர்கள் வருஷா வருஷம் அந்த ஆயிரம் ரூபாயைப் பார்த்துக் கேலி எழுதுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இந்த வித்தை எனக்குக் கைவந்த வித்தை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எனக்கு மேலே ஸ்ரீகண்டையா இருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பியூனைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார். லஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, புத்தாண்டுக்கு யாராவது டைரி கொடுத்தால் அதையும் திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். எந்தக் கோப்பையும் நிராகரிக்கமாட்டார். பச்சை மையில், முத்து முத்தான எழுத்தில், 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால், "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டுவார். காபி வரும். என் முட்டிவலி எப்படி இருக்கிறது, மார்க்கெட்டில் அவரைக்காய் வந்துவிட்டதா, என் பெண்ணுக்கு வரன் குதிர்ந்ததா, எல்லாம் விசாரிப்பார். ஒப்புக்குக் கேட்கிற ஆள் இல்லை, அக்கறையோடுதான் கேட்பார். நானாகக் கோப்பை ஞாபகப்படுத்தினால், "நோடோணா" என்பார். பார்க்கலாம். கோப்பு மறுபடி போகும். மறுபடி 'பேசவும்' என்று வரும்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் நேராகவே கேட்டுவிட்டேன். முடியாது என்று எழுதித் தொலைத்தால் அவர்கள் வேறு வழி பார்ப்பார்களே சார் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. முடியாது என்று எழுதினால் அது நிரந்தரமாகிவிடும் என்றார். பாதிக் கோப்புகள் தாமாகவே தீர்ந்துபோகும், மீதிப் பாதிக்கு அதற்குள் எங்கிருந்தாவது பணம் வந்துவிடும் என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. வருமானம் வறண்டுபோன ஒரு வருஷத்தில் அவர் இப்படி இழுத்து இழுத்து வைத்திருந்ததால்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. மனுஷனை வெறுக்கவும் முடியாது, வைத்துக்கொண்டு வேலை செய்யவும் முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. சிவாஜிநகரில் கறிக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி உள்ளே போனால் ஒரு சந்து. அதில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளி ஒன்று, ஓட்டுக் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம். பக்கத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு பெயர்ந்து அதன் மேல் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதே சந்தில் நசுங்கிப்போன ஒரு காரின் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. பள்ளிக்கூடம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், ஒரு பெண்மணி பாஸ் வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். ரெஜினா, அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கரை முழுக்கச் சேறு. அவர் ஏறி இறங்கின ஏதோ ஒரு ஆபீஸில், செயலகத்தில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. தமிழ் அம்மாவாம்! நான் என்ன சத்திரமா நடத்துகிறேன்? உங்கள் துறை வழியாக எழுதச் சொல்லுங்கள் என்றேன் கடுப்பாக.

"எழுதிட்டாங்க மேடம். அது உங்க டேபிள் மேலதான் இருக்குதாம்."

இருந்தது. எடுத்துப் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். பக்கத்துத் தெருக் கன்னடப் பள்ளியில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்புறம் என்ன அவசரம், அது பாட்டுக்கு நடக்கட்டுமே என்று கேட்டேன்.

"நாங்க அங்க விருந்தாளிங்க மேடம். ஜூன் மாசத்துக்குள்ள எங்க கூரைக்குக் கீழ போகலன்னா அந்த ஸ்கூலோட சேத்துடுவாங்க. அப்புறம் எங்க ஸ்கூல்னு ஒண்ணு இருக்காது. எங்க பசங்களோட அப்பா அம்மால்லாம் மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்க, கடை கூட்டறவங்க. தமிழ் ஸ்கூல் இல்லன்னா பெரிய பசங்கள நிறுத்திடுவாங்க. எனக்குத் தெரியும்."

அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. பிறகு என்னால் அந்தக் கோப்பை மற்றக் கோப்புகளோடு அடுக்க முடியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

முதலில் நிவாரண நிதியைப் பார்த்தேன். அதற்கு ஒரு விதி. உடனடியாகப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம், புதிதாகக் கட்டக் கொடுக்கக் கூடாது. ஓடு உடைந்தால் பழுது. உத்திரமே ஒடிந்தால் அது புதுக் கட்டுமானம். இங்கே உத்திரம், மரச்சட்டம், சுவரின் மேல்பாகம் எல்லாம் போயிருந்தன. கொஞ்சமாக இடிந்த பள்ளிக்குப் பணம் உண்டு, நன்றாக இடிந்த பள்ளிக்குக் கிடையாது. இந்த விதியை எழுதினவர் யாராக இருந்தாலும் ஒரு மழைநாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கமாட்டார்.

அடுத்து பள்ளிக்கூட வரி. அந்த நாட்களில் மற்ற வரிகளோடு ஒட்டிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு சின்னத் தொகை வசூலாகும். வைட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிய என் மாப்பிள்ளை ரசீதைக் காட்டி, இந்தக் காசு எந்த ஸ்கூலுக்குப் போகிறது அத்தை என்று ஒரு தடவை கேட்டார். எந்த ஸ்கூலுக்கும் போகாது, பொதுக் கஜானாவில் விழும் என்றேன். தனியாக ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு அதைவிடப் பல மடங்கு செலவழிக்கிறது, ஆகவே பள்ளி வரி பூராவும் பள்ளிக்கே செலவாகிவிட்டது என்று கணக்கு முடிந்துவிடும். தப்பே சொல்ல முடியாத கணக்கு. ஆனால் அதை வைத்துக் கூரைக்கு ஒரு ஓடுகூட வாங்க முடியாது.

ஆனால் வரி வாங்குகிறோமே, அதைச் சொல்லி வாதாடலாம் இல்லையா? நான் வாதாடினேன். என் உத்தியோகத்திலேயே அத்தனை நல்ல குறிப்பு நான் எழுதினதில்லை. படிப்புக்கென்று மக்களிடம் வாங்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை, மழையில் இடிந்த பள்ளிகளைத் திரும்பக் கட்டுவதற்கென்று ஒரு தலைப்பில் போடலாம், துணை பட்ஜெட்டில் டோக்கன் வைத்துத் திறக்கலாம், கல்வித் துறையில் செலவாகாமல் நிற்கும் பணத்தை இங்கே திருப்பலாம், முதலில் இந்த ஒரு பள்ளிக்கு, பிறகு மற்றவற்றுக்கு என்று எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விதி எண் காட்டினேன்.

'பேசவும்' என்று வந்தது.

பேசினேன். காபி குடித்தேன். அவரைக்காய் வந்துவிட்டது என்றேன். நோடோணா. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. இதற்குள் ரெஜினா இரண்டு மூன்று தடவை வந்துபோனார். ஒவ்வொரு தடவையும் நான் நடக்கிறது, நடக்கிறது என்பேன். ஒரு நாள் ஸ்ரீகண்டையாவின் அறைக்குள் போனவள் உட்காராமல் நின்றேன். காபி வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோப்பைத் திறந்து, என் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என் எதிரிலேயே படித்தார்.

படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் மேடம், ஆகலி என்றார். ஆகட்டும் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அச்சுக்குப் போகும் துணை பட்ஜெட்டில் தலைப்பைச் சேர்க்கச் சொன்னார். ஒரே ஒரு தாள் குறைகிறது, பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் என்று கல்வித் துறையின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பிரதி எடுத்து இணைத்துவிடுங்கள், சபையில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வராந்தாவில் நடந்து வரும்போது தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பிரதி வந்தது. பள்ளியின் பெயர், வட்டம், கட்டட நிலை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் இருந்தது. மாணவர் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது.

ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை நானே ஆட்டோ பிடித்துச் சிவாஜிநகர் போனேன். மரத்தை வெட்டி எடுத்துப்போயிருந்தார்கள். சுவர்கள் மட்டும் நின்றன, உள்ளே மழைத்தண்ணீர். பக்கத்துத் தெருப் பள்ளியின் வராந்தாவில் ரெஜினா பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பூஜ்யம் என்று போட்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாடு ஒரு பெரிய சமையல்கூடத்திலிருந்து வேனில் வரும். எந்தப் பள்ளியின் பேரில் எத்தனை பிள்ளைகள் கம்ப்யூட்டரில் இருக்கிறார்களோ, அந்தப் பள்ளியின் வாசலில் அத்தனை பேருக்குத்தான் இறக்குவார்கள். வேன் இடிந்த பள்ளிக்கு வந்து, பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பக்கத்துப் பள்ளிக்கு வருவது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அவர்கள் சாப்பிட, ரெஜினாவின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா கைக்காசில் பன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். எத்தனை நாளைக்கு முடியும்? அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பசவராஜு ஒரு யோசனை சொன்னார். உங்கள் பிள்ளைகளின் பெயரைத் தற்காலிகமாக எங்கள் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள், நாளையிலிருந்து சாப்பாடு வந்துவிடும் என்றார். கம்ப்யூட்டரில் மாற்றம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தற்காலிகம் என்று கட்டம் கிடையாது. ரெஜினா ஒவ்வொரு பெயராக மாற்றினார். மறுநாள் எல்லோருக்கும் சாப்பாடு வந்தது.

"பசிக்குது மிஸ்னு சொன்னாங்க மேடம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே பசவராஜுவின் அறைக்குப் போனேன். வயதானவர், வழுக்கைத் தலை, மேசை மேல் பிள்ளைகள் செய்த காகிதப் பூ. பெயர்களைத் திருப்பிக் கொடுங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டால் கல்வித் துறையில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை உட்கார வைத்தார். பிறகு கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். அவருடைய பள்ளியும் பிள்ளைகள் போதாமல் மூடும் பட்டியலில் இருந்ததாம். ரெஜினாவின் பிள்ளைகள் வந்ததால்தான் அது பட்டியலிலிருந்து கீழே இறங்கியது. இதை நினைத்துக்கொண்டு நான் அந்த யோசனையைச் சொல்லவில்லை, சாமி சத்தியம், பசிக்காகத்தான் சொன்னேன், பின்னால்தான் எனக்கே தெரிந்தது என்றார். "இப்போது நான் கையெழுத்துப் போட்டால் என் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் மேடம். நீங்களே சொல்லுங்கள், எதை மூடட்டும்?"

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன்.

ஸ்ரீகண்டையாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்கு அவர் முட்டிவலி பற்றி விசாரிக்கவில்லை. கல்வித் துறைச் செயலாளருக்குத் தாமே போன் போட்டார். அவர் யாருக்கும் அப்படிப் போன் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவரும் நல்லவர்தான், விசாரித்துவிட்டு அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டார். பெயர் மாற்றும் கட்டத்தை அதற்குள் மூடிவிட்டார்களாம், திரும்ப மாற்ற வேண்டுமானால் கம்ப்யூட்டர் அடுத்த ஜூனில்தான் திறக்குமாம். எந்தப் பள்ளியை எதோடு சேர்ப்பது என்பது அதற்கு முன்பே, அரையாண்டுக் கணக்கை வைத்து முடிவாகிவிடுமாம். ஒரு பள்ளிக்காக அதைத் திறந்தால் மாநிலம் முழுக்கத் திறக்க வேண்டுமாம். ஸ்ரீகண்டையா போனை வைத்தார். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்குக் கூரை கேட்டு நான் எப்படி மேடம் சபைக்கு அனுப்புவேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

என் தலைப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். துணை பட்ஜெட் அச்சாகி வந்தபோது எடுத்துப் புரட்டினேன். அந்த இடத்தில் வேறொரு தலைப்பு ஏறி உட்கார்ந்திருந்தது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மழைக்குப் பிறகு ஆபத்தாக நிற்கும் சுவர்களை அகற்ற நிவாரண நிதியில் பணம் உண்டு. கட்டுவதற்குத்தான் கிடையாது, இடிப்பதற்கு உண்டு. கட்டட இன்ஜினீயர் அந்தச் சுவர்களை ஆபத்து என்று எழுதிவிட்டார். கோப்பு என்னிடம் வந்தது. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது, யார் மேலாவது விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. குறிப்பு எழுதி அனுப்பினேன். அந்தக் கோப்பில் பேசவும் என்று யாரும் எழுதவில்லை. இப்போது அந்த மனையில் தகரக் கொட்டகை போட்டு மணல் மூட்டைகளும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் வைத்திருக்கிறார்கள். அடுத்த மழைக்கான ஏற்பாடாம். அந்தக் கொட்டகைக்கு ஒரே மாதத்தில் தலைப்பு கிடைத்தது.

ஜூனில் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. ரெஜினாவை 'ஹெச்சுவரி' ஆசிரியை, அதாவது உபரி, என்று பட்டியல் போட்டு, ஊருக்கு வெளியே வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் கன்னடத்தில் பழகிக்கொண்டார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பெரிய பிள்ளைகள்தான் படிப்பிலிருந்து நின்றார்கள். ரெஜினா சொன்னபடியே நின்றார்கள். வராந்தாவில் உரக்க வாசித்த பெண்களில் ஒருத்தியைப் பிறகு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு அருகே பார்த்தேன். பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பூ வாங்காமல் வந்துவிட்டேன், அவள் எதிரில் நிற்க முடியவில்லை.

பிரேமா, உன் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்லட்டும்? விதி தெரிந்தால் போதும் என்று சொல்லவா? எனக்கு விதி தெரியும். மனசு இருந்தால் போதும் என்று சொல்லவா? ரெஜினாவுக்கு இருந்தது, பசவராஜுவுக்கு இருந்தது, கடைசியில் ஸ்ரீகண்டையாவுக்கும் இருந்தது. கொஞ்சம் சீக்கிரம் செய்திருந்தால் என்று ஒரு காலத்தில் நினைத்துப் பார்த்தேன். அதுவும் வீண். மரம் விழுந்த அந்த வாரமே பெயர்கள் மாறிவிட்டன. நான் குறிப்பு எழுத உட்காருவதற்கு முன்பே பள்ளி போய்விட்டது. அது தெரியாமலே நாங்களெல்லாம் அதற்குக் கூரை தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ரெஜினாவைப் பார்த்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரி வாசலில், கையில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்காதது மாதிரி போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர்தான் கூப்பிட்டார். உள்ளே உட்கார்ந்தோம். அவருக்கும் ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கியாம். தினம் போக வர நாலு மணி நேரம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகிறது என்றார். நீங்கள் அன்றைக்கு எவ்வளவோ முயற்சி செய்தீர்கள் என்று ஆரம்பித்தவரை நான் நிறுத்தினேன். என்னைத் திட்டிவிடுங்கள், அது எனக்குச் சுலபம் என்றேன்.

"யாரைத் திட்டறது மேடம்? யாரும் எனக்குக் கெட்டது பண்ணல. ஒருத்தராச்சும் கெட்டவங்களா இருந்திருந்தா திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்."

ரொட்டியை மேசை மேல் வைத்தார்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். நீங்க ரூல்ஸ் எல்லாம் தெரிஞ்சவங்க. இப்ப நான் இருக்கற ஸ்கூலும் பழசுதான், ஓட்டுக் கூரைதான். நாளைக்கு ஒரு மழையில அது போயிடுச்சுன்னு வைங்க. பசங்கள பக்கத்து ஸ்கூல்ல உக்கார வைப்பேன். சாப்பாடு வராது. பேர மாத்தினாதான் வரும். நான் என்ன பண்ணட்டும் மேடம்? மாத்தட்டுமா, வேண்டாமா?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு விதியையும், ஒவ்வொரு தலைப்பையும், சுற்றறிக்கையையும் மனசுக்குள் ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மாத்துங்க. சாப்பாடு போடுங்க" என்றேன்.

"அப்ப அந்த ஸ்கூலும் போயிடும் மேடம்."

"போயிடும்" என்றேன்.